ஏழு விளக்குச் சாசனம்

சோய்ஃபூ செத்துவிட்டார் என்று மேலே சேதி போனது ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. அப்போது அவர் முற்றத்தில் குந்தி உட்கார்ந்து, காயப்போட்ட மிளகாயைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் இரண்டடி தள்ளி நின்று அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். எதற்குத் திட்டினேன் என்று ஞாபகமில்லை. தினமும் ஏதாவது இருக்கும்.

சேதியை அனுப்பியவன் எங்கள் மகன் வென்சிங். தெரியாமல் செய்தான். தெரிந்திருந்தால் கையை வெட்டிக்கொண்டிருப்பான், அப்படிப்பட்ட பிள்ளை. அதனால்தான் இன்றுவரை இதைப்பற்றி அவனிடம் நான் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் யாவ் ஜனங்களின் மலையில் ஓர் ஆண்பிள்ளை விளக்கேற்றிக்கொண்டால்தான் செத்த பிறகு முன்னோர்களோடு சேர முடியும். இல்லாவிட்டால் அவன் காட்டில் திரியும் காற்று, யாரும் பேர் சொல்லிச் சோறு வைக்கமாட்டார்கள். சோய்ஃபூ ஏழு விளக்குக்காரர். அவர் விளக்கேற்றிக்கொண்டபோது எனக்கு இருபத்திரண்டு வயது. மூன்று நாள் கறி தொடாமல் இருந்து, அவர் முக்காலியில் உட்கார, தலைக்குமேல் மூங்கில் கம்பத்தில் ஏழு விளக்கும் எரிய, நான் பின்னால் நின்றேன். புகை கண்ணைக் கரித்தது. எண்ணெய் சொட்டு ஒன்று என் கழுத்தில் விழுந்தது, நான் அசையவில்லை. புருஷனுக்கு எத்தனை விளக்கோ அத்தனை பெண்டாட்டிக்கும்.

சடங்கு முடிந்ததும் குரு ஒரே சாசனத்தை இரண்டு தாளில் எழுதி, இரண்டையும் ஒட்டிவைத்து, நடுவில் சிவப்பு முத்திரை குத்தினார். ஒன்றை அங்கேயே எரித்து மேலே அனுப்பினார். மற்றதை மூங்கில் குழாயில் போட்டு எங்களிடம் தந்தார். எங்கள் சாவில்தான் அது எரிய வேண்டும். மேலே இரண்டு தாளையும் சேர்த்துப் பார்ப்பார்கள், முத்திரை பொருந்தினால் வாசல் திறக்கும். தாளில் இரண்டு பேர், அவருடையது, அவர் மனைவி என்று என்னுடையது. இருவரில் ஒருவர் முன்னால் போனால், ‘மற்றவர் பிறகு வருவார்’ என்று குரு ஒரு துண்டு எழுதிச் சேர்த்துத்தான் எரிப்பார். துண்டு இல்லாமல் எரித்தால் இருவரும் ஒன்றாக வந்துவிட்டோம் என்று அர்த்தம். இதையெல்லாம் விளக்கேற்றிய புருஷன் பெண்டாட்டிக்கு மட்டும்தான் சொல்வார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடாது.

நான் போங் வீட்டு மூன்றாவது பெண். ஃபாம் என்றாலே மூன்றாவது என்றுதான் அர்த்தம். மலையில் கல்லெறிந்தால் ஒரு ஃபாம் மேல்தான் விழும். சோறாக்கினேன், அன்னாசிப்பூ பறித்தேன், இரண்டு பிள்ளையைப் புதைத்து ஒன்றை வளர்த்தேன். இந்த உலகத்தில் எனக்கென்று பெரிதாக எதுவும் வாய்க்கவில்லை. செத்த பிறகாவது அந்த மனுஷன் பக்கத்தில் எனக்கு ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தேன். அது ஒன்றைத்தான் நான் கேட்டேன்.

வென்சிங் தொங்குவான் நகரத்தில் செருப்புக் கம்பெனியில் நான்கு வருஷம் வேலை பார்த்தான். போகும்போது யாவ் பிள்ளையாகப் போனவன் வரும்போது கிறிஸ்தவனாக வந்தான். குடியை விட்டிருந்தான், சீட்டாட்டத்தை விட்டிருந்தான். நான் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லமாட்டேன். அவனுக்கு விளக்கேற்ற நாள் பார்க்கலாம் என்று அவர் சொன்னபோதுதான் வெடித்தது.

“அப்பா, எனக்கு வேணாம்பா. நான் ஏசுவுக்குச் சொந்தம். மத்த வாசல்ல போய் நிக்கமாட்டேன்.”

“விளக்கு இல்லாம செத்தா எங்கடா போவ?”

“அவர்கிட்ட.”

“நாங்க?”

அழுதான். இருபத்தாறு வயது ஆண்பிள்ளை, தோளெல்லாம் குலுங்க அழுதான். சோய்ஃபூ எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

அந்த அன்னாசிப்பூ அறுவடை முழுக்க அவர் என்னோடுகூடப் பேசவில்லை. நெஞ்சுச் சளியும் இருமலும் அந்த வருஷம் அதிகம். ஒருநாள் பூவைக் காயப்போடும்போது சாவகாசமாகச் சொன்னார்.

“வென்சிங் அம்மா, நான் அவன் பக்கம் போயிடலாம்னு பாக்கறேன்.”

“எந்தப் பக்கம்?”

“அவன் நம்ம பக்கம் வரமாட்டேங்கறான். நான் போகலைன்னா அவன் அங்க ஒத்தையா இருப்பான். ரெண்டை மண்ணுக்குக் குடுத்தாச்சு. இவனையும் தொலைக்க என்னால ஆகாது.”

“நான் ஒருத்தி இருக்கேனே! அடுப்பங்கரையில கிடக்குற விறகா நான்? என்னைக் கேட்டீங்களா?”

“அதான் இப்பக் கேக்கறேன்ல.”

“முடிவு பண்ணிட்டு வந்து கேக்குறதுக்குப் பேரு கேக்குறதா?” கையிலிருந்த முறத்தை விட்டெறிந்தேன். பூவெல்லாம் சிதறியது. அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். அந்தப் பொறுமையைப் பார்க்கத்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

வேதம் சொல்லிக்கொடுக்க மோ டீச்சர் வந்தது அதற்கப்புறம். சமவெளிக்காரப் பெண், முப்பது வயதிருக்கும். வழுக்குகிற ஷூவைப் போட்டுக்கொண்டு மலையேறி, வாசலுக்கு வருமுன் மூன்று தடவை விழுந்திருந்தாள்.

“டீச்சரம்மா, உங்க சாமி தூக்கிவிடாதா?” என்றேன்.

“தூக்கிவிட்டாரும்மா. அதான் மூணோட நின்னுச்சு” என்றாள், முழங்காலைத் தேய்த்துக்கொண்டே.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாத பெண் அவள். எண்ணெய்த் தேநீரின் முதல் கிண்ணம் வெளியூர்க்காரர்களுக்குத் தொண்டையில் இறங்காது. அவள் முகத்தைச் சுளிக்காமல் குடித்துவிட்டு இரண்டாவது கேட்டாள். சோய்ஃபூ துப்பிய சளிச்சட்டியை முகம் திருப்பாமல் கழுவி வைத்தாள். எங்கள் பேச்சு அவளுக்கு வராது, வென்சிங்தான் மாற்றிச் சொல்வான். எங்கள் பேச்சில் ஒரு வேதப் புத்தகம்கூட அவளிடம் இல்லை. கையடக்கப் பெட்டியில் பாட்டு இருந்தது, வேறு தேசத்து யாவ் ஜனங்கள் பாடியது. பாதி புரியும், பாதி புரியாது. “உங்க ஆளுங்கள்லயே ஒருத்தர் சொல்லணும்மா. நான் சொல்றது வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு சொல்றமாதிரி இருக்கு” என்று அவளே ஒருநாள் வருத்தப்பட்டாள்.

வென்சிங் கடைக்குப் போயிருந்த சமயம் பார்த்து, எனக்குத் தெரிந்த கொச்சைச் சமவெளிப் பேச்சில் நானே அவளிடம் கேட்டேன்.

“உங்க பக்கம் வாசல்ல பேப்பர் கேப்பாங்களா?”

“பேப்பர் வேணாம்மா. ஒரு புத்தகம் இருக்கு. அதுல பேர் இருக்கும்.”

“எழுதறது யாரு? முத்திரை உண்டா?”

“அவரே எழுதுவாரு. விசுவாசிச்சா போதும்.”

“சரி. புருஷன் பேரும் பெண்டாட்டி பேரும் பக்கத்துல பக்கத்துல இருக்குமா?”

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “அம்மா, உங்ககிட்டப் பொய் சொல்லமாட்டேன். அங்க கல்யாண உறவுன்னு ஒண்ணு இல்ல. எல்லாரும் அவரோட பிள்ளைங்க.”

“அப்ப நான் அவருக்கு யாரு?”

“சகோதரி மாதிரின்னு வச்சுக்கலாம்…”

“முப்பத்திரண்டு வருஷம் கூடப் படுத்தவளை அங்க போய்த் தங்கச்சிங்கறதா? நல்லா இருக்கே உங்க நியாயம்!”

அவள் முகம் சிவந்துபோனது. மழுப்பாமல் சொன்னாளே என்று அப்போதும் எனக்கு அவள்மேல் மரியாதைதான். ஆனால் அன்று சாயங்காலம், நான் அந்தப் பக்கம் வரமாட்டேன் என்று சோய்ஃபூவிடம் தீர்மானமாகச் சொன்னேன். அவர் ஒரு வழி சொன்னார்.

“பூசைக்கு மாட்டற சாமிப் படங்களை எரிச்சுடறேன். அதுக்கு மேல எதையும் பிடிச்சு வைக்கறது வென்சிங்குக்குச் செய்யற துரோகம். சாசனத்தை மட்டும் நீ எடுத்து மறைச்சுடு. அது உன்னுது. உனக்கு ஒரு வாசலாவது திறந்திருக்கட்டும்.”

“நீங்க இல்லாத வாசல்ல எனக்கென்ன வேலை?”

“முதல்ல எடுத்து வை புள்ள. அப்புறம் சண்டை போடலாம்.”

எடுத்து வைத்தேன். அடுப்புக்கு மேலே பரணில், புகையில் தொங்கும் பன்றி இறைச்சிக்குப் பின்னால் குழாயைச் செருகினேன். அந்த இடத்துக்கு என்னைத் தவிர யாரும் கையை நீட்டியதில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. காலையில் சோய்ஃபூ பதினேழு படங்களையும் விரித்து, ஒவ்வொரு சாமி முகத்தையும் பார்த்தார். படத்தை அழிப்பதானால் அதிலிருக்கும் சாமியை முறையாக வழியனுப்பிவிட்டுத்தான் அழிக்க வேண்டும். “ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிடட்டுமா?” என்று மகனைக் கேட்டார். வென்சிங் டீச்சரைப் பார்த்தான். டீச்சர் தயங்கி, “வேண்டாம், ஐயா” என்றாள். இவர் தலையாட்டிவிட்டு, வாயை இறுக்கி மூடிக்கொண்டு சுருட்டினார். அப்புறம் வெளியே போய் மிளகாயைப் புரட்ட ஆரம்பித்தார். தன் கையால் தீ வைக்க அவருக்கு மனசு வரவில்லை.

முற்றத்தில் மகன் வைத்த தீயில் படங்கள் எரிந்துகொண்டிருந்தன. டீச்சருக்கு மதியச் சோற்றுக்கு நல்ல இறைச்சியாக எடுக்கலாமென்று வென்சிங் பரணில் கைவிட்டிருக்கிறான். குழாய் அகப்பட்டது. திறந்து பார்த்தால் மஞ்சள் தாள், சாமி எழுத்து, சிவப்பு முத்திரை. இது ஒன்று தப்பிவிட்டதே என்று, வெளியே வந்து தீயில் போட்டுவிட்டான்.

முத்திரை சுருண்டு கறுப்பதை நாங்கள் இருவரும் பார்த்தோம். என் திட்டு பாதியில் நின்றது. நான் தீயை நோக்கிப் பாய்ந்தேன், சோய்ஃபூ என் இடுப்புக்கச்சையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். மிளகாய்க்கையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார், கண்ணெல்லாம் எரிந்தது.

“என்னம்மா ஆச்சு?” என்றான் வென்சிங்.

“உங்கம்மாவுக்குப் புகை ஒத்துக்கல” என்றார் அவர். என் காதோரம் குனிந்து, “அவன்கிட்டச் சொல்லாத. ஆயுசுக்கும் சுமப்பான்” என்றார். பிறகு, கேட்டால் நம்பமாட்டீர்கள், சிரித்தார். “செத்தாச்சு புள்ள நாம. இனிமே சண்டை போட்டு என்ன ஆகப்போகுது?”

மறுநாள் புது அரிசிச் சோறு. முதல் உருண்டை எப்போதும் நாய்க்குத்தான், அது எங்கள் குலமுதல்வர். சோய்ஃபூ கையில் வைத்து நீட்டினார். நாய் முகர்ந்தது, பின்வாங்கியது. நான் நீட்டினேன், அதற்கும் அப்படியே. வென்சிங் நீட்டினான், தின்றது. அதற்குப் பிறகு அது வீட்டுக்குள் வரவில்லை. முற்றத்து ஓரத்தில் படுத்துக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. பிணம் கிடக்கும் வீட்டில் நாய்கள் அப்படித்தான் செய்யும்.

ஞாயிறு மதியம் அடுத்த மேட்டிலிருந்து சியூ குரு வந்தார். சோய்ஃபூவோடு சேர்ந்து சடங்கு கற்றவர், நானும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். வென்சிங்கும் டீச்சரும் கீழே ஜபக்கூட்டத்துக்குப் போயிருந்தார்கள். சியூ வாசற்படி ஏறவில்லை. முற்றத்திலேயே நின்று, இடுப்புச் சுரைக்குடுக்கையைத் திறந்து, மண்ணில் இரண்டு தடவை சாராயம் ஊற்றினார். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு.

“அண்ணே! நாங்க உசிரோட குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கோம்!” என்று கத்தினேன்.

“தெரியுது தங்கச்சி. ஆனா நேத்துப் பூசையில உட்கார்ந்தேன். உங்க ரெண்டு பேர் பேரும் வந்தவங்க வரிசையில இருக்கு. ஆளைக் காணோம்னு தேடறாங்க. கூட்டிட்டுப் போக வருவாங்க.”

“என்னிக்கு?”

“அவங்க நம்மகிட்ட நாள் சொல்வாங்களா?” என்றவர், சோய்ஃபூவைப் பார்த்தார். “மனு எழுதலாம்டா. தப்பா எரிஞ்சுபோச்சு, ஆள் இன்னும் பூமியிலதான் இருக்கான்னு. நான் எழுதறேன். ஆனா நீ திரும்ப விளக்குக்குக் கீழ உக்காரணும். மூணு நாள். உக்காந்தா ரெண்டு பேரும் பிழைப்பீங்க.”

சோய்ஃபூ இருமினார். இருமி முடிக்கக் கொஞ்ச நேரமானது. “மகனுக்கு வாக்குக் குடுத்துட்டேன்.”

“மகன் திரும்ப வேலைக்குப் போனப்புறம் உக்காரு. தெரியவா போகுது?”

“எனக்குத் தெரியுமே.”

நான் காலில் விழவில்லையே தவிர எல்லாம் செய்தேன். கெஞ்சினேன், அவர் அப்பன் பாட்டன் வரைக்கும் இழுத்தேன். மனுஷன் அசையவில்லை. “உனக்கு மட்டும் ஏதாவது வழி இருக்கான்னு பாக்கறேன், இரு” என்றார் சோய்ஃபூ. சியூ குடுக்கையை மூடிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு பாஸ்டர் வந்து ஞானஸ்நானம் கொடுப்பதாக ஏற்பாடு. திங்கட்கிழமை மழை பிடித்தது. அந்த மாதத்தில் அப்படி மழை பெய்து நான் பார்த்ததில்லை. புதன்கிழமை மண் சரிந்து பாதை மூடிக்கொண்டது. சோய்ஃபூ படுத்துவிட்டார். மூச்சு இழுத்தது, நகமெல்லாம் நீலம். மருத்துவமனைக்குத் தூக்கிப்போகவும் வழியில்லை. வென்சிங் இரண்டு தடவை சரிவைத் தாண்டப் பார்த்து, இடுப்பளவு சேற்றோடு திரும்பி வந்தான்.

வியாழக்கிழமை மழை நின்று வெயில் அடித்தது. மதியம் சியூ வந்து முற்றத்தில் அந்த நாய்க்குப் பக்கத்தில் நின்றார். உள்ளே டீச்சர் சோய்ஃபூவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“ஐயாவுக்கு நானே தண்ணி தெளிக்கட்டுமா?” என்று கேட்டாள். “தெளிக்கலைன்னாலும் பரவாயில்ல. கர்த்தருக்கு ஐயாவோட மனசு தெரியும்.”

வென்சிங் மாற்றிச் சொன்னான். சோய்ஃபூ காதில் விழுந்ததா தெரியாது. அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று முழங்கையை ஊன்றி எழ முயன்றார். மேல்சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பெரிய அதிகாரிகள் வீட்டுக்கு வந்தால் அப்படித்தான் செய்வார்.

“வாங்க” என்றார். குரல் தெளிவாக இருந்தது. படுத்ததிலிருந்து அப்படி ஒரு குரல் வரவில்லை. “ஆமாங்க, நான்தான். ஏழு விளக்கு. பேர் சரிதாங்க.”

வாசலில் வெயிலும் நாயும் சியூவும் தவிர யாருமில்லை. நாய் எழுந்து ஓரமாக விலகி வழிவிட்டது.

“தனியாத்தாங்க வர்றேன்” என்றார் சோய்ஃபூ. கொஞ்சம் நிறுத்தி, யாரோ கேட்பதைக் கேட்டார். “இல்லைங்க. எனக்குப் பெண்டாட்டி கிடையாதுங்க. கட்டவே இல்ல. எழுதினவன் தப்பா எழுதிட்டான்.”

“அப்பா, யார்கூடப் பேசறீங்க?” என்றான் வென்சிங்.

“இந்தப் பொம்பளையா?” சோய்ஃபூ என்னைப் பார்த்தார். முப்பத்திரண்டு வருஷம் பார்த்த கண்ணால்தான் பார்த்தார், ஆனால் முன்பின் தெரியாதவளைச் சுட்டுவதுபோல் கையை நீட்டினார். “சமைச்சுப் போட வந்தவங்க. யார் வீட்டுப் பொண்ணுன்னே எனக்குத் தெரியாதுங்க.”

நான் வாயைத் திறந்தேன். முற்றத்திலிருந்து சியூ என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. நான் ஒரு வார்த்தை பேசினால் அந்தப் பொய் உடைந்து, என்னையும் கூட்டிப்போய்விடுவார்கள். உதட்டைக் கடித்துக்கொண்டு, கூலிக்காரியைப்போல ஒதுங்கி நின்றேன். சோய்ஃபூ திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் படுத்தார். அவ்வளவுதான்.

புதைக்கும்போது மோ டீச்சர் பாட்டுப் பாடினாள். வென்சிங் எழுந்து ஜனங்களிடம் பேசினான். “எங்கப்பா கடைசி நேரத்துல எல்லாத்தையும் விட்டுட்டாரு. பெண்டாட்டிங்கற பந்தத்தக்கூட விட்டுட்டுத்தான் ஆண்டவர்கிட்டப் போனாரு. அவ்வளவு பெரிய விசுவாசம்” என்று சொல்லி அழுதான். அவன் நம்பட்டும். அவர் உண்மையிலேயே எந்த வாசலில் நுழைந்தார் என்று எனக்குத் தெரியாது. டீச்சர் சொல்கிற இடத்தில் இருந்தால் நான் அவருக்குத் தங்கச்சி. எங்கள் முன்னோர்களிடம் இருந்தால் நான் அவருக்கு யாருமே இல்லை, அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். எனக்கு உயிரைக் கொடுத்தார், நான் கேட்ட ஒன்றைப் பிடுங்கிக்கொண்டார். என்னைக் கேட்டாரா? இந்தத் தடவையும் கேட்கவில்லை.

குழிமேட்டில் நான் அழவில்லை. எங்கள் பெண்கள் புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, பட்டதையெல்லாம் சொல்லி ஒப்பாரி வைப்பார்கள். வைத்தால் கூட்டிப்போக வந்தவர்கள் கேட்டுவிடுவார்களே. “கல்நெஞ்சக்காரி, ஒரு சொட்டுத் தண்ணி விடல பாரு” என்று ஊர்ப் பெண்கள் என் காதுபடவே பேசினார்கள். சியூ அண்ணன் மட்டும் பக்கத்தில் வந்து, “இனிமே உன்னைத் தேடி யாரும் வரமாட்டாங்க தங்கச்சி” என்றார். நல்ல சேதியாக நினைத்துத்தான் சொன்னார்.

அது நடந்து எட்டு மாதமாகிறது. நாய் திரும்ப என் கையால் தின்கிறது. வென்சிங் வாராவாரம் போன் செய்து, “அம்மா, நீங்களும் வந்துடுங்கம்மா” என்கிறான். டீச்சர் வந்தால் முழங்காலைப் பிடித்துவிடுகிறாள். இருவருக்கும் ஒன்றும் தெரியாது. சோறு இறங்குகிறது, தூக்கம் வருகிறது, ஒரு குறையுமில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆகையால் கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு, பட்டப்பகலில், யார் காதில் விழுந்தாலும் விழட்டும், தேடி வருகிறவர்கள் வரட்டும் என்று இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தங் சோய்ஃபூ என் புருஷன். முப்பத்திரண்டு வருஷம். நான் அவர் பெண்டாட்டி, போங் வீட்டு ஃபாம். எழுதினவர் சரியாகத்தான் எழுதினார், அந்த மனுஷன்தான் பொய் சொன்னார்.